சாகாதவளுக்கு ரேஷன் கார்டு: சேலத்தில் ஒரு சூப்பர்ஹீரோ உலகம் கட்டுவது எப்படி

என் முதல் சூப்பர்ஹீரோ கதையை எழுதி முடித்ததும், எங்கள் தெருமுனைத் தட்டுவடைக் கடை அக்காவிடம்தான் சொல்லிக் காட்டினேன். நாயகன் சேலத்துக்காரன், வயது நானூறு, சாவே கிடையாது, ஒரு கையால் லாரியைத் தூக்குவான். அக்கா தட்டுவடை மேல் பீட்ரூட் துருவலை வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டார்: "அதெல்லாஞ் சரி தம்பி, ரேஷன் கார்டுல அவனுக்கு என்ன வயசு போட்டிருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. லாரி தூக்குவதற்கு மூன்று பக்கம் செலவழித்திருந்தேன். அவன் எந்தக் கடையில் அரிசி வாங்குகிறான் என்று ஒரு வரிகூட யோசிக்கவில்லை. கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறையாகக் கற்பனை உலகம் கட்ட உட்காருபவர்களுக்கானது இது. ஒரு நோட்டும், ஒரு தமிழ் நாள்காட்டியும், ஊரைச் சுற்ற நான்கு நாளும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்வோம். பெண். பார்க்க இருபத்தைந்து வயது. பிறந்தது 1767-இல். பெயர் கருஞ்சோத்தாயி. ஏன் அந்தப் பெயர் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

விதியைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள்

"சாகாவரம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். நம் கதைகளிலேயே அது பல வகை. மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு. அசுவத்தாமனுக்குச் சாவு இல்லை, ஆனால் புண்ணும் ஆறாது. அவனுக்கு அது வரமே இல்லை, சாபம். மகாபலி பாதாளத்தில் இருக்கிறான், ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர அனுமதி. சிரஞ்சீவி என்ற ஒரே பட்டியலில் இருந்தாலும் மூன்று பேர் வாழ்க்கையும் மூன்று விதம்.

ஆகவே துண்டுச் சீட்டில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மூப்பு உண்டா? விபத்தில் சாவு உண்டா? பசிக்குமா? பழசெல்லாம் நினைவிருக்குமா?

மூப்பு மட்டும் இல்லை, விபத்து உண்டு என்று வைத்தால் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் விபத்தில் போகிறார் என்று கொண்டால், ஏறக்குறைய 693 ஆண்டுகளில் கூட்டம் பாதியாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் நாளடைவில் சாலையைக் கடக்கவே பயப்படுவார்கள். நம் ஊரில் பைக்கில் மூன்று பேராகப் போகிறவனுக்கு இழக்க முப்பது, நாற்பது வருடம்தான். சாகாதவளுக்கு எழுநூறு. கருஞ்சோத்தாயி ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏறமாட்டாள், பின்சீட்டில்கூட. உலகில் சரியான பதிவுகளோடு மிக நீண்ட நாள் வாழ்ந்தவர் என்று ஏற்கப்பட்டிருக்கும் பிரெஞ்சுப் பெண்மணி 1997-இல் இறந்தபோது வயது 122. அதைத் தாண்டிய ஒவ்வொரு வயதும் உங்கள் கற்பனைதான். சீட்டில் எழுதிய விதியை மட்டும் கதையின் நடுவில் மாற்றாதீர்கள்.

ஆயிக்கு என் விதிகள்: மூப்பு இல்லை, விபத்து உண்டு, பசிக்கும், நினைவு எல்லோரையும் போலத்தான். போன வருடத் தீபாவளிக்கு என்ன புடவை என்றே அவளுக்கு மறந்துவிடும்.

வரம் எங்கிருந்து வந்தது?

விண்கல், ஆய்வுக்கூட விபத்து, சிலந்திக்கடி எல்லாம் வேண்டாம். சேலத்தைச் சுற்றி நிற்கும் மலைகளைப் பாருங்கள், அவற்றிலேயே கதை இருக்கிறது.

இளம்பிள்ளைப் பக்கம் கஞ்சமலை அடிவாரத்தில் சித்தர் கோவில் இருக்கிறது. அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். அங்கே சொல்லப்படும் கதை இது: மூலிகை தேடி வந்த குருவுக்கு ஒரு முதிய சீடர் சோறு சமைத்தார். பொங்கி வழிந்ததைப் பக்கத்தில் கிடந்த குச்சியால் கிளறினார். சோறு கறுத்துவிட்டது. குரு திட்டுவாரே என்று பயந்து அதைத் தானே தின்றார், இளைஞராகிவிட்டார். சொல்பவர்களைப் பொறுத்துப் பெயர்களும் விவரங்களும் மாறும். ஆனால் கறுத்த சோறும் பயமும் எப்போதும் இருக்கும். பயத்தில் தின்றதால் கிடைத்த சாகாவரம் என்பது எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அழகான சூப்பர்ஹீரோ தொடக்கம். கருஞ்சோத்தாயியும் அப்படித்தான். 1792-இல், மாமியாருக்குப் பயந்து.

இன்னும் வடக்கே போனால் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி. மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். "சாதல் நீங்க எமக்கீத் தனையே" என்று ஔவை பாடியது புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் 235-ஆம் பாட்டுக்கும் போங்கள். அது அதே ஔவை, அதே அதியமான் இறந்த பிறகு பாடியது. கொடுத்தவன் போய்விட்டான், வாங்கியவள் இருக்கிறாள். சாகாதவர்களைப் பற்றி நாம் எழுதப்போகும் சோகத்தை ஏற்கனவே ஒருத்தி பாடி வைத்துவிட்டாள்.

கஞ்சமலை இரும்புத்தாது மலையும்கூட. அதனால் ஆயிக்கு இன்னொரு சக்தியும் கொடுத்தேன்: காந்தம் போல இரும்பு அவள் கைக்கு வரும். இங்கேதான் அன்றாடம் உள்ளே நுழைகிறது. இரும்புச் சட்டி, அரிவாள்மனை, கடப்பாரை இருந்த வீடுகளில் அவள் ராணி. அப்புறம் வீடெல்லாம் எவர்சில்வர் ஆகிவிட்டது. நிக்கல் அதிகம் கலந்த எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது. சேலத்திலேயே உருக்காலை வந்து பளபளவென்று தகடு தயாரிக்க ஆரம்பித்தபோது, சொந்த ஊரிலேயே ஒரு சூப்பர்ஹீரோவின் சக்தி பாதியாகக் குறைந்தது. எந்த வில்லனும் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. சேர்வராயன் மலைக்குக் கதையைக் கொண்டுபோகிறவர்கள், அங்குள்ள மலையாளி என்ற பழங்குடி மக்களை ரகசிய மூலிகை காக்கும் மர்ம மனிதர்களாக்கிவிடுவார்கள். செய்யாதீர்கள். அவர்களுக்குத் தோட்டம், கூலி, மிளகு விலை, பிள்ளைகள் படிப்பு என்று கவலைகள் இருக்கின்றன. மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். மர்மம் போய் மனிதர்கள் தெரிவார்கள்.

காலக்கோடு போடுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாத கதை பத்தாவது பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். நோட்டில் ஒரு கோடு இழுத்து, நாயகி பிறந்ததிலிருந்து இன்றுவரை ஊரில் நடந்ததை எல்லாம் குறியுங்கள்.

1792-இல் திப்புவுடன் உடன்படிக்கை முடிந்து சேலம் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஆக, ஆயி ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் முதல் காப்பியைக் குடித்திருப்பாள். அதற்கு முன் காலையில் நீராகாரம். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி சேலத்தில் தொழிலானது 1940-களில். அவளுக்கு ஜவ்வரிசிப் பாயசம் "இப்ப வந்த" பண்டம். நயா பைசா 1957-இல் வந்தது, ஆனால் அவள் வாயில் இன்னும் நாலணா, எட்டணாதான். 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. நாமக்கல் மாமன் வீட்டை அவள் இன்னும் "சேலம் ஜில்லா" என்றுதான் சொல்வாள்.

இந்தக் கோட்டின் மேல் தமிழ் ஆண்டுப் பெயர்களையும் எழுதுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருவது நமக்கு ஜாதகத்தில் மட்டும்தான் பயன்படுகிறது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர் ஒரு சுற்று முடித்தவர். ஆயி நான்கு சுற்று முடித்தவள். "பிரபவ வருசம்" என்று அவள் சொன்னால் எந்தப் பிரபவ? 1807-ஆ, 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? என் உலகத்தில் சாகாதவர்கள் "மூணாம் பிரபவ" என்று எண் போட்டுப் பேசுவார்கள்.

அப்படி எழுதிப் பார்த்தபோதுதான் தாது வருடம் கண்ணில் பட்டது. 1876-77. நம் பாட்டிமார் சொன்ன தாது வருசப் பஞ்சம் அதுதான். சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. "பசிக்கும்" என்று சீட்டில் எழுதியிருந்தேனே, அதன் விலை அப்போதுதான் எனக்கே புரிந்தது. சாகமாட்டாள், ஆனால் பசிக்கும். சுற்றிலும் ஆட்கள் விழுந்துகொண்டிருக்கும்போது பசியோடு விழாமல் நிற்கிறாள். அதற்குப் பிறகு 1936-இல் தாது திரும்பியது, 1996-இல் மறுபடி. இரண்டு முறையும் ஊரில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு முறையும் ஆயி வீட்டில் குதிர் நிறையக் கேழ்வரகு. பேரன் பேத்திகள் சிரித்தார்கள். இப்படி ஒரு பழக்கம் கிடைத்துவிட்டால் பாத்திரம் உயிரோடு எழுந்து நிற்கும். இதற்காகத்தான் நாள்காட்டி வேண்டும் என்றேன்.

யாராவது போனால்தான் நகரும் விஷயங்கள்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நம் ஊர் வாழ்க்கையில் ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு முறை வரும் விஷயங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கோவில் முதல் மரியாதையில் தொடங்கலாம். பரிவட்டம் கட்டிக்கொள்ளும் பெரியவர் சாகாவரம் பெற்றவர் என்றால், அடுத்த பங்காளி பரிவட்டத்தையே பார்த்தபடி கிழவனாகிப் போவார், அவர் மகனும் போவார். சண்டை வராமலா இருக்கும்? வந்து, ஊர் கூடி, சாகாதவர்களுக்கு முப்பது வருடத்துக்கு மேல் மரியாதை கிடையாது என்று முடிவு கட்டும். அப்படி ஒரு ஊர்க்கட்டுப்பாட்டை எழுதிவிட்டால், அதிலிருந்து பத்துக் கதை முளைக்கும்.

அடுத்தது பெயர். பேரன் என்றால் பெயரன், தாத்தா பெயரைத் தாங்குபவன். தாத்தா உயிரோடிருக்கும்போதே பெயரை வைப்பதும் உண்டு. ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பிள்ளையை "சின்னவனே", "சாமி" என்று கூப்பிட்டுச் சமாளிப்பாள். மாமனார் இருநூறு வருடம் இருந்தால்? ஒரே வீட்டில் ஆறு தலைமுறைக்கும் ஒரே பெயர், அதை யாரும் உச்சரிப்பதில்லை. வெளியூர்த் தபால்காரர் வந்து அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடும் காட்சியை எழுதிப் பாருங்கள்.

நிலம். பட்டா ஆயி பெயரில் இருக்கிறது. அவள் இருக்கும்வரை வாரிசுச் சான்றிதழுக்கு வழியில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து உண்டு: ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் கருதலாம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அது 108-ஆம் பிரிவு. 2024-இல் புதிய சட்டம் வந்த பிறகும் அந்த ஏழாண்டுக் கணக்கு தொடர்கிறது. உங்களுக்கு வில்லன் கிடைத்துவிட்டான். நாயகி எட்டு ஆண்டு மலையில் தனியே இருந்துவிட்டு இறங்கி வருகிறாள், ஊரில் அவள் சட்டப்படி செத்துப்போயிருக்கிறாள். கொள்ளுப்பேரன் மேல்சட்டைப் பையில் புதுப் பட்டா.

பென்ஷன் இன்னும் சுவையானது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு தொட்டால் 100 சதவீதம். அதற்கு மேல் படி கிடையாது. இருநூறு வயதுக்காரர் வரக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை. சாகாதவர்கள் சங்கம் வைத்து "நூற்றைம்பதுக்கு என்ன?" என்று ஆட்சியர் அலுவலகம் முன் உட்காருவார்கள். ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போனால், எல்லோரும் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். ஆயி வயதாகிவிட்டதை நிரூபிக்க வேண்டும். கேமராவில் இருபத்தைந்து வயது முகம். எழுத்தர், "பாட்டிய கூட்டிட்டு வாம்மா" என்பார்.

கருமாதி, கோடி போடுவது, பதினாறாம் நாள் எல்லாம் அவளுக்கு நடக்கவே நடக்காது. ஆனால் ஊரில் அத்தனை பேர் காரியத்துக்கும் அவள் போயிருப்பாள். எந்தச் சடங்கில் எது முன்னால், எது பின்னால் என்று சந்தேகம் வந்தால் ஊரே அவளிடம்தான் கேட்கும்.

திருவிழா, உடுப்பு, குளிர்

ஆடி மாதம் சேலத்தில் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? அலங்கரித்த வண்டிகளில் ஆட்கள் சாமி வேடம் போட்டு, புராணக் காட்சியாக அசையாமல் நின்று ஊர்வலம் வருவார்கள். சூப்பர்ஹீரோ உடுப்பு, முகப்பூச்சு, ஒளிவிளக்கு, ஆர்ப்பரிக்கும் கூட்டம், எல்லாம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. எனவே உங்கள் நாயகிக்கு மேலங்கி தைக்காதீர்கள். சக்தி உள்ளவள் சாதாரணச் சேலையில் கூட்டத்தில் நிற்கட்டும். வண்டியில் அவளாக வேடம் போட்டவளுக்குப் பரிசு கிடைக்கட்டும். ஆயிக்கு அந்த வேடக்காரியின் மூக்குத்தி பிடிக்கவில்லை என்று நான் எழுதினேன்.

கொலுசைக் கவனியுங்கள். சேலத்துக்காரி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி. சத்தமில்லாமல் பதுங்கிப் போய் எதிரியைப் பிடிக்கும் காட்சி அவளுக்குச் சரிவராது, கழற்றவும் மாட்டாள். இருநூறு வருடத்தில் திருகாணி தேய்ந்து தேய்ந்து, ஒரே பட்டறைக் குடும்பத்தில் ஏழு தலைமுறை அதைப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறது. முதல் ஆள் "அக்கா" என்றான், இப்போது இருப்பவன் "ஆயா" என்கிறான்.

பறக்கிறவர்கள் இருந்தால் இயற்பியலை மறக்காதீர்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. எட்டு டிகிரி வித்தியாசத்தில் மேலே பறப்பவனுக்குக் குல்லாவும் மப்ளரும் வேண்டும், காது அடைக்கும். இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வரும் உறவுக்காரர்களுக்கு அவன் மேல் பொறாமை. பனிமூட்டத்தில் அவனும் பஸ்ஸில்தான் வருவான், சில்வர் ஓக் மரத்தில் மோதி எலும்பை முறித்துக்கொள்ள ஆசை இல்லை.

பேச்சு

இதில் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாகாதவர்களைச் செந்தமிழில் பேசவைக்காதீர்கள். இருநூறு வருடமாகச் சந்தைக்குப் போய்வருகிறவள் சந்தைப் பேச்சுதான் பேசுவாள். ஆனால் அழைக்கும் முறையில் கவனம் வேண்டும். அறுபது வயது எள்ளுப்பேரன், "வாங்க ஆயா, உக்காருங்க" என்று எழுந்து நிற்பான். பார்க்க அவன் மகள் வயதிருப்பவள், "ஏண்டா சின்னவனே, சக்கரை எறங்குச்சா?" என்பாள். பக்கத்தில் நிற்கும் புது மருமகள் யாரை வணங்குவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். உங்கள் உலகத்தின் விதி முழுவதையும் விளக்கவுரை இல்லாமல் இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

முதல் காட்சி

இப்போது எழுத ஆரம்பியுங்கள். சண்டையில் தொடங்க வேண்டாம். நான் தொடங்கிய இடத்தையே பயிற்சியாகத் தருகிறேன்.

மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். அணைக்குள் ஊர்கள் மூழ்கின. முழுக் கொள்ளளவில் 120 அடித் தண்ணீர். வறண்ட கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய கோவில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். காய்ந்த ஏரித்தரையில் விவசாயிகள் கிடைத்த சில மாதத்துக்குப் பயிர் வைப்பார்கள்.

கருஞ்சோத்தாயியின் பிறந்த வீடு அந்தத் தண்ணீருக்கு அடியில். நீர் இறங்கும் ஆண்டுகளில் மட்டும் பஸ் பிடித்து வருகிறாள். இரண்டு பக்கம் எழுதுங்கள். சக்தி எதையும் காட்டக் கூடாது, வயதைச் சொல்லக் கூடாது, அழவிடவும் கூடாது. நந்தி அருகே செல்ஃபி எடுக்கும் பையன்கள், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்கிறார்கள். தள்ளி நிற்கிறாள். நின்ற இடம் எந்த வீட்டுத் திண்ணை என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் அந்தத் தரையில் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருப்பவரிடம் போய், மூட்டை என்ன விலை, எத்தனை வருடம் கெடாமல் இருக்கும் என்று கேட்கிறாள்.